வீட்டில் கட்டும் காரின் மேலுடல்: தகரம் முதல் கண்ணாடி இழை வரை

மகிழுந்தின் (காரின்) சட்டகத்தின் மேல் பொருத்தப்படும் கதவு, பானெட், மட்கார்டு, கூரை, பின்மூடி ஆகிய பகுதிகளின் தொகுதி மேலுடல் எனப்படும். பட்டறைகளில் இதைப் 'பாடி' என்று சொல்வர். பெரிய தொழிற்சாலையில் அல்லாமல், தனி ஒருவரோ சிறு குழுவோ சொந்தப் பட்டறையில் கட்டும் காருக்கு எடை குறைந்த மேலுடலை எந்தப் பொருளால் செய்வது என்பது கார் வரலாறு முழுவதும் தொடர்ந்துவரும் கேள்வி. மரம், துணி, எஃகுத் தகடு, அலுமினியம், கண்ணாடி இழை, கார்பன் இழை எனப் பல விடைகள் இதற்குக் கிடைத்துள்ளன. தமிழ்நாட்டில் நிலைத்த விடை கண்ணாடி இழை. இருப்பவற்றுள் மிக இலேசான பொருள் அதுவன்று. ஓர் அச்சும் பழகிய கைகளும் இருந்தால் செய்யவும் முடியும், உடைந்தால் ஒட்டவும் முடியும் என்பதே அது நிலைத்ததற்குக் காரணம்.

வானகரத்தைச் சுற்றிய தொழில் வட்டம்

வானகரம் சென்னையின் மேற்குப் புறநகரில், பூந்தமல்லி நெடுஞ்சாலையில் மதுரவாயலுக்கும் வேலப்பன்சாவடிக்கும் இடையில் உள்ள ஊர். இங்கிருந்து வடக்கே அம்பத்தூருக்குச் சாலை பிரிகிறது. மேற்கே அதே நெடுஞ்சாலையில் சென்றால் பூந்தமல்லி, திருப்பெரும்புதூர் வழியாகப் பெங்களூர் வரை போகலாம்.

விடுதலைக்குப் பிந்தைய இருபது ஆண்டுகளில் இவ்வட்டாரம் வாகனத் தொழிலின் இருப்பிடமாக மாறியது. அம்பத்தூரில் 1949-ல் டி.ஐ. சைக்கிள் தொழிற்சாலை தொடங்கப்பட்டது. 1955-ல் ஆவடியில் டியூப் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் எஃகுக் குழாய் தயாரிக்கத் தொடங்கியது. அம்பத்தூரில் டன்லப் டயர்த் தொழிற்சாலையும், 1960-களில் தொழிற்பேட்டையும் அமைந்தன. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965-ல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. இரும்பைத் தடிமனாக வைத்து உயிரைக் காப்பது டாங்கியின் வழி. பந்தயக் காரின் வழி இதற்கு நேர் எதிரானது. அதன் வலிமை முழுவதும் குழாய்ச் சட்டகத்தில் இருக்கும். மேலுடல் எவ்வளவு குறைய முடியுமோ அவ்வளவு குறையும். இவ்விரு வழிகளும் சில கிலோமீட்டர் இடைவெளியில் வளர்ந்தன.

மரமும் துணியும்

தொடக்ககாலக் கார்களின் மேலுடலைக் குதிரை வண்டி கட்டியவர்களே செய்தனர். சென்னையில் 1840-ல் தொடங்கிய சிம்ப்சன் நிறுவனம் முதலில் குதிரை வண்டி கட்டியது. அந்நிறுவனத்தைச் சேர்ந்த சாமுவேல் ஜான் கிரீன் 1903-ல் நீராவிக் கார் ஒன்றைக் கட்டிச் சென்னைச் சாலையில் ஓட்டினார். தேக்கு போன்ற மரத்தால் கூடு கட்டி, அதன் மேல் பலகையோ மெல்லிய தகடோ அறைவது அக்கால முறை. இம்முறைக்குத் தச்சரும் கொல்லரும் போதும். ஆனால் மேலுடல் கனமாக இருந்தது; கரடுமுரடான சாலையில் மூட்டுகள் தளர்ந்து கிறீச்சிட்டன.

1920-களில் விமானியான சார்லஸ் வெய்மன் மரக்கூட்டின் மேல் தோல் போன்ற துணியை இழுத்துக் கட்டும் முறையைக் கார்களில் பரப்பினார். அக்கால விமானங்களின் இறக்கைகளும் இவ்வாறே செய்யப்பட்டன. இந்த மேலுடல் இலேசாகவும் ஓசையின்றியும் இருந்தது. ஆயினும் மழையும் வெயிலும் துணியைக் கெடுத்ததால் நீண்ட நாள் நிலைக்கவில்லை. மரத்தை நவீன முறையில் மீண்டும் கையாண்டவர்களும் உண்டு. இங்கிலாந்தில் ஜெம் மார்ஷும், விமானப் பொறியாளரான ஃபிராங்க் காஸ்டினும் 1959-ல் தொடங்கிய மார்க்கோஸ் கார்களின் சட்டகம் ஒட்டுப்பலகையால் ஆனது.

எஃகுத் தகடு: சிறு பட்டறைக்கு எட்டாத முறை

அமெரிக்காவில் எட்வர்ட் பட் என்பவரின் நிறுவனம் 1914-ல் டாட்ஜ் கார்களுக்கு முழுதும் எஃகாலான மேலுடலைச் செய்து தந்தது. பெரிய அழுத்து எந்திரத்தில் இரு அச்சுகளுக்கு இடையே தகட்டை வைத்து ஒரே அழுத்தில் கதவையோ மட்கார்டையோ பெறுவது இம்முறை. ஒவ்வொரு பகுதிக்கும் தனி அச்சு வேண்டும். அச்சுகளின் விலை மிக அதிகம். ஆனால் ஒரே அச்சிலிருந்து இலட்சக்கணக்கான தகடுகளை எடுக்கலாம். எனவே ஆண்டுக்கு இலட்சம் கார் விற்பவருக்கு எஃகே மலிவான பொருள். ஒரே ஒரு கார் கட்டுபவருக்கு அதைவிட விலை கூடிய பொருள் வேறில்லை.

அச்சின்றியும் எஃகை வளைக்க முடியும். டிங்கர் வேலை செய்பவர்கள் சுத்தியலாலும் தாங்கு இரும்பாலும் தட்டித் தட்டி உருவம் கொண்டுவருகின்றனர். ஒரு திசையில் மட்டும் வளைந்த தகட்டுக்கு இது எளிது. பானை வயிறு போல இரு திசையிலும் வளைந்த வடிவத்துக்கோ பல ஆண்டுப் பயிற்சி வேண்டும். குறைந்த பயிற்சி உள்ளவர் தட்டிய மேடுபள்ளங்களைப் பட்டி பூசி மறைக்கிறார். அந்தப் பட்டியின் எடையும் காரோடு சேர்ந்தே ஓடுகிறது.

அலுமினியம்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இங்கிலாந்தில் எஃகுக்குத் தட்டுப்பாடு இருந்தது. விமானத் தொழிலுக்கான அலுமினியம் தாராளமாகக் கிடைத்தது. 1948-ல் அறிமுகமான லேண்ட் ரோவர் வண்டிக்கு அலுமினிய–மெக்னீசியக் கலவைத் தகட்டை மேலுடலாக்கியதற்கு இதுவே காரணம். அவ்வண்டியின் தகடுகள் பெரும்பாலும் தட்டையானவை. அதனால் விலை மிகுந்த அச்சுகள் இன்றியே அதைத் தயாரிக்க முடிந்தது. 1957-ல் வந்த லோட்டஸ் செவன் பந்தயக் காரும் இதே பாடத்தைப் பின்பற்றியது. எஃகுக் குழாய்ச் சட்டகத்தின் மேல் தட்டையான அலுமினியத் தகடுகளை அறைந்து, பிற்கால வடிவங்களில் வளைவு மிகுந்த மூக்கையும் மட்கார்டையும் மட்டும் கண்ணாடி இழையால் செய்தனர்.

தட்டைப் பகுதிக்கு அலுமினியம், வளைந்த பகுதிக்குக் கண்ணாடி இழை என்ற இந்தப் பங்கீடு வீட்டில் கார் கட்டுவோரிடையே இன்றும் வழக்கில் உள்ளது. அலுமினியத்தைக் கையால் வெட்டலாம், மடிக்கலாம், ரிவெட் அடிக்கலாம். பற்றவைப்பது மட்டும் கடினம். மெல்லிய தகடு சட்டென்று உருகி ஓட்டை விழும். மற்றொரு குறை அரிமானம். அலுமினியமும் எஃகும் நேரடியாகத் தொடும் இடத்தில் ஈரமும் உப்பும் சேர்ந்தால் மின்வேதி வினை நடந்து அலுமினியம் பொடியாக உதிரும். கடற்கரை நகரமான சென்னையில் இரண்டுக்கும் இடையே வண்ணப்பூச்சோ ரப்பர்ப் பட்டையோ வைக்காமல் அறையலாகாது.

கண்ணாடி இழையின் வருகை

உருக்கிய கண்ணாடியை நூலைவிட மெல்லிய இழையாக இழுக்கும் தொழில்நுட்பம் 1930-களில் அமெரிக்காவில் வளர்ந்தது. அவ்விழைகளைப் பாலியெஸ்டர் பிசினில் (ரெசினில்) தோய்த்து இறுகவைத்தால் வலிமையான தகடு கிடைக்கும் என்பது போர்க்காலத்தில் பயன்பாட்டுக்கு வந்தது. போர் முடிந்ததும் கலிஃபோர்னியாவில் படகு கட்டிவந்த பில் டிரிட் இதே முறையில் கார் மேலுடல் செய்தார். 1953-ல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் கண்ணாடி இழை மேலுடலுடன் கார்வெட் காரை வெளியிட்டது. முதல் ஆண்டில் 300 கார்கள் மட்டுமே கட்டப்பட்டன. அவ்வளவு சிறிய எண்ணிக்கைக்கு எஃகு அச்சைவிட இம்முறை பொருத்தமாக இருந்தது.

கிழக்கு ஜெர்மனியில் எஃகுத் தகடு கிடைக்காத நிலையில், பருத்திக் கழிவையும் ஃபீனால் பிசினையும் அழுத்திச் செய்த தகடுகளால் 1957 முதல் 1991 வரை டிராபன்ட் கார் தயாரிக்கப்பட்டது. மேலுடலின் பொருளை, பொறியாளரின் விருப்பத்தைவிட நாட்டில் கிடைப்பதும் கிடைக்காததுமே முடிவு செய்யும் என்பதற்கு இதுவும் லேண்ட் ரோவரும் இரு சான்றுகள்.

இங்கிலாந்தில் இம்முறை வீடுகளுக்குள்ளும் நுழைந்தது. முழுக் காரை வாங்குபவர் கொள்முதல் வரி கட்ட வேண்டும். உதிரிகளாக வாங்கித் தாமே பூட்டிக்கொள்பவருக்கு அவ்வரி இல்லை. 1973-ல் மதிப்புக்கூட்டு வரி வரும்வரை இச்சலுகை நீடித்தது. இதனால் பழைய காரின் சட்டகத்தின் மேல் கண்ணாடி இழை மேலுடலை ஏற்றும் பழக்கம் பரவியது. தனிச் சட்டகம் கொண்ட டிரையம்ஃப் ஹெரால்டு இதற்கு மிகவும் விரும்பப்பட்டது. அதே ஹெரால்டு கார் 1961 முதல் சென்னைக்குத் தெற்கே வண்டலூர் அருகில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனத்தால் தயாரிக்கப்பட்டது.

சோழவரமும் கரிவர்தனும்

தமிழ்நாட்டில் சொந்தமாகக் கார் கட்டும் ஆர்வத்துக்கு இடம் தந்தது பந்தயக் களம். 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், செங்குன்றத்துக்கு வடக்கே சோழவரத்தில் போர்க்கால விமான ஓடுதளத்தில் பந்தயங்களை நடத்தியது. வெளிநாட்டுப் பந்தயக் கார்களை இறக்குமதி செய்ய முடிந்தவர் மிகச் சிலர். மற்றவர்கள் சாலையில் ஓடிய ஃபியட், ஹெரால்டு, அம்பாசடர் கார்களை எடை குறைத்து ஓட்டினர்.

இக்காலத்தில் பெங்களூரிலிருந்து கண்ணாடி இழைக் கார்கள் வந்தன. சன்ரைஸ் நிறுவனம் 1970-களில் பாதல் என்ற மூன்று சக்கரக் காரையும், அதே நிறுவனம் சிப்பானி என்ற பெயரில் 1980-களின் தொடக்கத்தில் டால்பின் காரையும் தயாரித்தது. டால்பின், இங்கிலாந்தின் ரிலையன்ட் கிட்டன் காரைத் தழுவியது, 848 சி.சி. எந்திரமும் கண்ணாடி இழை மேலுடலும் கொண்டது. எடை குறைவாக இருந்ததால் பந்தய ஓட்டுநர்கள் அதை விரும்பினர். குடும்பத்தினரோ 'பிளாஸ்டிக் கார்' என்று தயங்கினர். 1983 இறுதியில் எஃகு மேலுடலுடன் மாருதி 800 வந்தபின் டால்பினால் சந்தையில் நிற்க இயலவில்லை. பெருந்திரளுக்கு எஃகு, சிறு எண்ணிக்கைக்கு இழை என்ற விதி இந்தியாவிலும் மெய்யானது.

அந்த மாருதி எந்திரத்தையே பந்தயத்துக்குக் கொண்டுவந்தவர் கோயம்புத்தூரைச் சேர்ந்த தொழிலதிபரும் பந்தய ஓட்டுநருமான எஸ். கரிவர்தன். அவர் 1988-ல் ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை அறிமுகப்படுத்தினார். மாருதி 800-இன் எந்திரம், எஃகுக் குழாய்ச் சட்டகம், மேலே கண்ணாடி இழை மேலுடல் என்பது அதன் அமைப்பு. எல்லாப் பொருள்களும் உள்நாட்டில் கிடைப்பவை. விபத்தில் மூக்குப் பகுதி நொறுங்கினால் அதே அச்சில் வேறொன்றை வார்த்துப் பொருத்தலாம். இதனால் பெருஞ்செல்வர் அல்லாத இளைஞர்களும் ஒற்றை இருக்கைப் பந்தயத்தில் நுழைய வழி பிறந்தது. பின்னாளில் ஃபார்முலா 1 பந்தயத்துக்குச் சென்ற நரேன் கார்த்திகேயன் (2005), கருண் சந்தோக் (2010) இருவரும் தொடக்கத்தில் ஃபார்முலா மாருதி ஓட்டியவர்கள்.

கரிவர்தன் 1995-ல் சிறுவிமான விபத்தில் காலமானார். கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்தில் 2003-ல் திறக்கப்பட்ட கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரைத் தாங்கியுள்ளது. சென்னையில் பந்தயங்கள் 1990 அளவில் சோழவரத்திலிருந்து திருப்பெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டைக்கு இடம் மாறின. வானகரத்தைக் கடந்து செல்லும் அதே நெடுஞ்சாலையின் ஓரத்தில்தான் அப்பந்தயத்தடம் உள்ளது.

எடைக் கணக்கு

'கண்ணாடி இழை எஃகைவிட இலேசானது' என்ற கூற்று பாதி உண்மை. அடர்த்தியைப் பார்த்தால் எஃகு 7.85, அலுமினியம் 2.7, கையால் செய்த கண்ணாடி இழைத் தகடு ஏறத்தாழ 1.45, கார்பன் இழைத் தகடு ஏறத்தாழ 1.55. ஆனால் ஒரே தடிமனில் இவை ஒரே அளவு விறைப்பாக இரா. எஃகின் மீட்சிக் குணகம் 210 எனில் அலுமினியம் 70, கார்பன் இழை நெசவு 60 அளவு, கண்ணாடி இழைப் பாய் 7 மட்டுமே.

இக்குறையை ஈடுகட்ட ஓர் இயற்பியல் விதி உதவுகிறது. தகட்டின் வளையாத் தன்மை அதன் தடிமனின் மும்மடிக்கு ஏற்ப உயரும். தடிமனை இரட்டித்தால் வளையாத் தன்மை எட்டு மடங்காகும். எனவே 0.8 மி.மீ. எஃகுத் தகட்டுக்கு நிகரான விறைப்பைப் பெற அலுமினியம் 1.15 மி.மீ., கார்பன் இழை 1.2 மி.மீ., கண்ணாடி இழை 2.5 மி.மீ. தடிமன் வேண்டும்.

இப்போது ஒரு சதுர மீட்டரின் எடையைக் கணக்கிட்டால் எஃகு 6.3 கிலோ, கண்ணாடி இழை 3.6 கிலோ, அலுமினியம் 3.1 கிலோ, கார்பன் இழை 1.9 கிலோ. மேலுடலின் பரப்பு 10 சதுர மீட்டர் என்று கொண்டால் எஃகில் 63 கிலோவும் கண்ணாடி இழையில் 36 கிலோவும் ஆகும். மிச்சம் 27 கிலோ.

இந்த மிச்சம் கைத்திறனைப் பொறுத்தது. சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள இழைப்பாய் ஒன்று, பிசினைச் சேர்த்து ஏறத்தாழ 1.5 கிலோ ஆகும். இரண்டு பாயும் மேற்பூச்சான ஜெல்கோட்டும் சேர்ந்தால் 3.6 கிலோ. 'இன்னும் கெட்டியாக இருக்கட்டும்' என்று நான்கு பாய் வைப்பவரின் தகடு 6.6 கிலோவாகி, எஃகையே மிஞ்சிவிடும். எடை குறைக்க எண்ணி எடையைக் கூட்டிக்கொள்வது சொந்தமாகக் கார் கட்டுவோர் செய்யும் பொதுவான பிழை.

பாயைக் கூட்டாமலே விறைப்பைப் பெற வழி உண்டு. ஒரு தாளை ஓரத்தில் பிடித்து நீட்டினால் தொங்கும். அதையே சற்று வளைத்துப் பிடித்தால் நிமிர்ந்து நிற்கும். அதுபோல வளைவு, மடிப்பு, உட்புற விலா ஆகியவை எடை கூட்டாமல் விறைப்பைத் தரும். பெரிய தட்டைப் பரப்புகளில் இரு மெல்லிய தகடுகளுக்கு நடுவே நுரைப்பலகை வைப்பதும் உண்டு.

கார்பன் இழை எல்லாவற்றிலும் இலேசானது. 1981-ல் மெக்லாரன் நிறுவனம் ஃபார்முலா 1 காரின் சட்டகத்தையே கார்பன் இழையால் செய்தது. அதே ஆண்டு இத்தாலியின் மோன்சா தடத்தில் நடந்த கடும் விபத்திலிருந்து ஜான் வாட்சன் உயிர் தப்பியதும் அதன்மீது நம்பிக்கை வளர்ந்தது. விலையும், உயர்வெப்ப அடுப்பு போன்ற வசதிகளின் தேவையும் அதைப் பெரும்பாலான சிறு பட்டறைகளுக்கு எட்டாமல் வைத்துள்ளன.

செய்முறையும் எச்சரிக்கையும்

முதலில் மரம், நுரை, பிளாஸ்டர் ஆகியவற்றால் மூல வடிவம் செய்து வழவழப்பாகத் தேய்க்க வேண்டும். அதன்மேல் மெழுகு பூசி, இழையால் அச்சு எடுக்க வேண்டும். அச்சினுள் மீண்டும் மெழுகு, பிறகு ஜெல்கோட், பிறகு இழைப்பாய், பிசின் என்ற வரிசையில் அடுக்கி, உருளையால் காற்றுக் குமிழ்களை வெளியேற்றுவர். அச்சின் முகத்தில் உள்ள ஒவ்வொரு கீறலும் தகட்டில் தோன்றும். ஆதலால் உழைப்பின் பெரும்பகுதி மூல வடிவத்துக்கே செல்லும்.

பிசின் இறுக இரு பொருள்கள் சேர்க்கப்படுகின்றன: கோபால்ட் கலந்த ஆக்சிலரேட்டர், பெராக்சைடு வகைக் கேட்டலிஸ்ட். இவ்விரண்டையும் ஒன்றோடொன்று நேரடியாகக் கலந்தால் தீப்பற்றும், வெடிக்கவும் கூடும். ஒன்றைப் பிசினில் நன்றாகக் கலக்கிய பின்னரே மற்றதைச் சேர்க்க வேண்டும். சென்னையின் மே மாத வெயிலில் பிசின் விரைவில் இறுகிவிடும். ஆதலால் சிறிது சிறிதாகக் கலக்க வேண்டும். மழைக்கால ஈரப்பதம் ஒட்டும் தன்மையைக் கெடுக்கும். ஸ்டைரீன் ஆவியும், தேய்க்கும்போது பறக்கும் இழைத்தூளும் நுரையீரலுக்குத் தீங்கானவை. காற்றோட்டமான இடம், சுவாச முகமூடி, கையுறை, கண்ணாடி ஆகியவை கட்டாயத் தேவை.

சாதாரணப் பாலியெஸ்டர் தகடு எரியக்கூடியது. புகைபோக்கிக் குழாய்க்கு அருகில் இடைவெளி விட்டு, உலோகத் தடுப்பு வைக்க வேண்டும். எந்திரத்துக்கும் ஓட்டுநருக்கும் நடுவில் உலோகத் தீத்தடுப்புச் சுவர் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இழை மேலுடல் மோதலில் உயிரைக் காக்காது. அது காற்றையும் மழையையும் தடுக்கும் போர்வை மட்டுமே. உயிரைக் காப்பவை குழாய்ச் சட்டகமும் உருள்கூண்டும் இருக்கைப் பட்டையும்தான். மேலுடலில் மிச்சப்படும் கிலோக்களைச் சட்டகத்தின் வலிமைக்குச் செலவிடுவதே நல்ல வடிவமைப்பு.

மாணவர் கார்களும் சட்டமும்

இன்று இக்கலையைத் தொடர்பவர்களுள் பொறியியல் மாணவர்கள் முதன்மையானவர்கள். இந்திய வாகனப் பொறியாளர் அமைப்பான எஸ்.ஏ.இ. இந்தியா, மாணவர்கள் தாமே கட்டிய ஒற்றை இருக்கைக் கார்களுக்கான சுப்ரா போட்டியை 2011-ல் இருங்காட்டுக்கோட்டையில் தொடங்கியது. எஃகுக் குழாய்ச் சட்டகம், சிறு எந்திரம், இழை மேலுடல் என்ற அமைப்பையே மாணவர் கார்கள் பெரும்பாலும் கொண்டுள்ளன. முப்பதாண்டுக்கும் முன்பே கோயம்புத்தூரில் கட்டப்பட்ட காரின் சாயலை அவற்றில் காணலாம்.

இத்தகைய கார்கள் தடத்தைத் தாண்டிச் சாலைக்கு வருவது எளிதன்று. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 126-ஆம் விதிப்படி, புதிய வாகனத்தின் முன்மாதிரி அங்கீகரிக்கப்பட்ட ஆய்வு நிறுவனத்தில் சோதிக்கப்பட வேண்டும். இச்சோதனைச் செலவைத் தனி ஒருவர் தாங்குவது கடினம். ஏற்கெனவே பதிவான காரின் மேலுடலை மாற்றுவதற்கும் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடை விதிக்கிறது. தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து வாகனம் மாறுபடக் கூடாது என்பதை 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. இங்கிலாந்தில் வரிச்சலுகை வீட்டுக் கார்களை வளர்த்தது. இந்தியாவில் சட்டம் அவற்றைப் பந்தயத்தடத்துக்குள் நிறுத்தியது. நிறுவனங்கள் வழியாகவே மாற்றுப் பொருள்கள் சாலைக்கு வந்தன. 2001-ல் பெங்களூரில் வெளியான ரேவா மின்காரின் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் மேலுடல் அதற்கு எடுத்துக்காட்டு.

ஒரு பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது அடர்த்தி எண் ஒன்றை மட்டும் பார்த்து முடிவு செய்ய இயலாது என்பதே இவ்வரலாறு தரும் பாடம். எத்தனை கார்கள் கட்டப்போகிறோம், எந்தக் கருவிகள் உள்ளன, உடைந்தால் யார் சரிசெய்வார், எங்கே ஓட்ட அனுமதி உண்டு என்ற கேள்விகளுக்கு விடை கண்ட பின்னரே தகடா இழையா என்று முடிவு செய்ய வேண்டும். பந்தயத்தடத்தில் ஓடும் ஒற்றைக் காருக்கு, தட்டைப் பகுதியில் அலுமினியமும் வளைந்த பகுதியில் அளவோடு அடுக்கிய கண்ணாடி இழையும் இன்றும் பொருத்தமான தேர்வாக இருந்துவருகின்றன.